இடுப்பை விட்டு இறங்காத மனிஷா

மனிஷாவுக்கு ஒன்றரை வயது. நடக்கத் தெரியும். ஆனால் நடப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். விழித்திருக்கும் நேரமெல்லாம் அம்மாவின் இடுப்பில்தான் இருப்பாள், இறக்கிவிட்டால் அழுவாள். சிணுங்கல், விசும்பல் என்று படிப்படியாக ஏறுகிற அழுகை இல்லை அது. எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கி அங்கேயே நிற்கும். மைசூர் மேட்டகள்ளியில் அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் கடைசி வீட்டுக்காரர், கிரிக்கெட் கமெண்டரி கேட்பதற்காக டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொள்வார்.

அம்மா கனகா ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். ஒற்றைக் கையால் துணி பிழிந்தாள். கழிப்பறைக்கும் இரண்டு பேராகத்தான் போனார்கள். அப்பா உதயகுமார் "வா சாமி" என்று கையை நீட்டினால், வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தை முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொள்வாள்.

கனகாவுக்கு ஊர் ராமாபுரம். கல்யாணமாகி மைசூருக்கு வந்ததும் ஊதுபத்தி கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பிரசவத்துக்கு நின்றவள் திரும்பப் போகவே முடியவில்லை. அங்கே மேற்பார்வை பார்க்கும் சென்னம்மா அவளுக்காக இடத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தாள். தசராவுக்கு முன்னால் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டாள்.

"நோடு கனகா, இங்க பாரு, மொதலாளி என்னைக் கேக்கறாரு. தசரா முடிஞ்சு வர்ற திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள நீ வந்து உக்காரலேன்னா, அந்த எடத்துல வேற பொண்ணு உக்காந்துடுவா. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அந்த வீட்டில் அழுவதற்கு இன்னொருத்தருக்கு இடமில்லை என்று கனகா நினைத்துக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் குழந்தையின் காது, தொண்டை, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. சில கொழந்தைங்க இப்படித்தான். தானா சரியாப் போயிடும்" என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை. மருந்து எழுதாத டாக்டரை உதயகுமாரால் மன்னிக்க முடியவில்லை. வேலை பார்க்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் இராமச்சந்திரனிடம் சொல்லிப் புலம்பினான். அவர் உடனே விஜயநகரில் இருக்கும் 'கருணா சிசு ஹோமியோ மகாபீடம்' பற்றிச் சொன்னார்.

"என் மூச்சிரைப்புக்குப் பத்து வருஷமா அங்கதான் போறேன். இன்னும் போய்க்கிட்டே இருக்கேன்னா பாத்துக்கோ, எவ்வளவு நல்ல எடம்!"

உதயகுமாருக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவைப்படவில்லை.

மகாபீடம் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. கூடத்தில் வரிசையாகப் பெஞ்சுகள். பெஞ்சுகளில் அம்மாக்கள், அம்மாக்கள் மேல் குழந்தைகள். எல்லாக் குழந்தைகளும் அழுதுகொண்டிருந்தன. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. கனகா மனிஷாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தபோது, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாதேவி என்ற பெண் பாய்ந்து வந்தாள்.

"ஐயோ, தட்டபேடாம்மா! தட்டக்கூடாது. சமாதானம் பண்ணா ரோகம் உள்ள போயிடும். அழ விடி, அழ விடி."

அந்தக் கூடத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. மருந்து சாப்பிட்ட பிறகு யாருக்காவது தொந்தரவு அதிகமானால், மாதேவி எழுந்து ஒரு பித்தளை மணியை அடிப்பாள். உடனே எல்லாரும் கைதட்ட வேண்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். மணிச் சத்தத்தில் குழந்தைகள் திடுக்கிட்டு இன்னும் அதிகமாக அழும். அதனால் மாதேவி மறுபடியும் மணியடிக்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து மருந்து மிக நன்றாக வேலை செய்துகொண்டிருப்பதாக அவள் உதயகுமாரிடம் சொன்னாள்.

பீடத்தின் தலைவர் டாக்டர் கிருஷ்ணராஜ். மூன்று தலைமுறைக்கு முன் மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கும். அவர் குழந்தையின் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்:

"அழும்போது கண்ணீர் முதல்ல எந்தக் கண்ணுல வருது?"

"ரெண்டுலயுந்தானுங்க வருது."

"அது யாருக்கும் வராதும்மா. ஒண்ணு லீடர், இன்னொண்ணு ஃபாலோயர். சரி, கண்ணீரோட டேஸ்ட் எப்படி? உப்பா, ஸ்வல்ப கசப்பா?"

"நான் நக்கிப் பாக்கலைங்க சார்."

டாக்டர் கண்ணைத் திறந்தார். அறையின் மூலையில் நின்றிருந்த உதவி டாக்டர் சந்தோஷ்குமாரை வருத்தத்தோடு பார்த்தார். "பாத்தீங்களா சந்தோஷ்? பெத்த அம்மா. ஒன்றரை வருஷம். ஒரு தடவை நக்கிப் பாக்கல." பிறகு கனகாவிடம் கனிவாகச் சொன்னார்: "நாங்க ரோகத்தைப் பாக்கறதில்லம்மா. ரோகியைப் பாக்கறோம்." இதைச் சொன்னபோதும் அவர் மனிஷாவைப் பார்க்கவில்லை.

ஒட்டிக்கொள்ளும், அழும், எடுத்தால் அடங்கும் என்பதால் இது பல்சட்டில்லா என்று டாக்டர் முடிவு செய்தார். தூக்கிக்கொண்டு நடந்தால்தான் அடங்குகிறது, ஆகவே இது கேமோமில்லா என்று சந்தோஷ்குமார் மெல்லச் சொன்னார். இரண்டும் மருந்தின் பெயர்கள் என்று கனகாவுக்கு அப்போது தெரியாது. தன் குழந்தைக்கு இரண்டு வியாதி இருப்பதாகப் புரிந்துகொண்டு பயந்துபோனாள்.

இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். தூக்குவதால் அடங்குகிறதா, நடப்பதால் அடங்குகிறதா என்று கண்டுபிடிப்பதற்காகக் கனகாவைக் குழந்தையோடு அறையைச் சுற்றி நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். நிற்கச் சொன்னார்கள். நின்றாள். வாதம் சூடு பிடித்ததும் அவளை மறந்துவிட்டார்கள். நிற்கச் சொல்கிற ஆள் இல்லாததால் அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் தலைவர் ஜெயித்தார். குப்பியிலிருந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டை ஒன்றை மூடியில் கொட்டி, கை படாமல் மனிஷாவின் வாயில் போட்டார். மனிஷா அழுகையை நிறுத்தினாள். நாக்கைச் சுழற்றினாள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு இனிப்பான பொருளை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. உருண்டை கரைந்து தீர்ந்ததும், அந்த மூடியைக் காட்டி முன்னைவிட உரக்க அழுதாள்.

"இன்னொண்ணு குடுங்க சார், நிறுத்திடுவா" என்றாள் கனகா.

"கொலை!" என்றார் டாக்டர். "ரெண்டாவது உருண்டை விஷம். ஒண்ணோட சக்தி இருபத்தோரு நாள் உள்ள ஓடும். தெரிஞ்சுதா? நான் சொன்னதை மட்டும் நெனப்புல வையி. அழுகை கொறஞ்சா மருந்து வேலை செய்யுது. அழுகை அதிகமானா மருந்து ரொம்ப நல்லா வேலை செய்யுது. அப்படியே இருந்துச்சுன்னா, மருந்து யோசிக்குது."

உதயகுமார் இதைக் கேட்டு மெய்சிலிர்த்துப் போனான். எந்தப் பக்கம் போனாலும் ஜெயிக்கிற ஒரு விஷயத்தை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தான்.

பத்தியம் தனியாகச் சொல்லப்பட்டது. வீட்டில் காப்பி கூடாது. வெங்காயம், பூண்டு, பெருங்காயம், கற்பூரம் கூடாது. வாசனை எதுவாக இருந்தாலும் மருந்தைக் கொன்றுவிடும். ஊதுபத்தி ஏழு வீடு தள்ளி எரிந்தாலும் கொன்றுவிடும்.

"நான் ஊதுபத்தி கம்பெனிக்கு வேலைக்குப் போகோணுங்க" என்றாள் கனகா. "அதுக்குத்தானுங்க வைத்தியமே."

"வேலைக்குப் போனா வைத்தியம் இல்லை. அல்வா சந்தோஷ், சரிதானே?"

கூடத்துக்கு வந்தபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் படத்துக்கு முன்னால் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருப்பதைக் கனகா பார்த்தாள். எந்தப் பாக்கெட் என்பதுகூட வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்தது. வழியனுப்ப வந்த டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது பக்தி" என்றார் டாக்டர். "பக்திக்கு வாசனை கிடையாது."

அதன் பிறகு வாரம் தவறாமல் பீடத்துக்குப் போனார்கள். மனிஷாவின் அழுகை வளர்ந்துகொண்டே போனது. முன்பு இறக்கிவிட்டால் மட்டும் அழுதவள், இப்போது இடுப்பில் இருந்தபடியே வெள்ளையாக எதைப் பார்த்தாலும் கைநீட்டி அழுதாள். உப்பைப் பார்த்து அழுதாள். பக்கத்து வீட்டுக் கோலமாவைப் பார்த்து அழுதாள். மாதேவி ஒவ்வொரு வாரமும் அவளுக்காக மணியடித்தாள்.

ஒருநாள் டாக்டர் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து மனிஷாவின் அழுகையைப் பதிவு செய்தார். அதில் இருக்கும் துக்கம் எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று நிதானமாகக் கேட்க வேண்டுமாம். கேசட்டைப் போட்டார். பெட்டிக்குள்ளிருந்து தன் குரலே அலறுவதைக் கேட்ட மனிஷா சட்டென்று அழுகையை நிறுத்தி, வாயைப் பிளந்துகொண்டு பெட்டியையே பார்த்தாள். கேசட் ஓடிய நேரம் முழுவதும் அவளிடமிருந்து சத்தமில்லை. கனகாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏனுங்க சார், மருந்தெல்லாம் வேண்டாமுங்க. அந்த கேசட்டை மட்டும் குடுத்துருங்க."

"அது குணம் இல்லம்மா" என்றார் டாக்டர் கடுமையாக. "அது வெறும் நிறுத்தம். கொழந்தை அழாம இருந்தா போதும்னு நெனக்கிறவங்களுக்கு இங்க எடமில்லை." சொல்லிவிட்டுக் கேசட்டை நிறுத்தினார். மனிஷா தொடர்ந்தாள்.

அடுத்த முறை, வியாதி குழந்தைக்கே இல்லை என்று பீடம் கண்டுபிடித்தது.

"கொழந்தை உன்னை ஒட்டிக்கல. உன் மனசுதான் கொழந்தையை ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர். "உனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப ஆசைப்படற விஷயம் என்ன? யோசிக்காம சொல்லு."

"கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கோணுங்க" என்றாள் கனகா. "எம்மேல ஒருத்தரும் இல்லாம."

டாக்டரும் உதவி டாக்டரும் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். தனிமையை விரும்புகிறாள். உறவுகளிடம் வெறுப்பு. கடின சுபாவம். கனகாவுக்கும் ஓர் உருண்டை கொடுக்கப்பட்டது. உதயகுமார் தனக்கு ஏதும் இல்லையா என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தின் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, லைன் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் எந்தக் கண்ணில் கண்ணீர் முதலில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு திரிந்தான்.

தசரா வந்தது, போயிற்று. சென்னம்மா சொன்ன திங்கட்கிழமை நெருங்கியது. எப்படியாவது அன்றைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போய் நின்றுவிடலாம் என்று கனகா நினைத்திருந்தாள். முந்தின நாள் உதயகுமார் ஓடிவந்தான்.

"கனகா, நம்ம பாப்பாவுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா? நாளைக்கு பீடத்தோட மாநாடு. பெங்களூர்லருந்தெல்லாம் டாக்டருங்க வர்றாங்க. இந்த வருஷத்துலயே ரொம்பக் கஷ்டமான கேசுன்னு நம்ம மனிஷாவைத்தான் மேடை ஏத்தறாங்க. நான் வர்றோம்னு சொல்லிட்டேன்."

"ஏனுங்க, நாளைக்கு நான் வேலைக்குப் போகோணுமுங்க. சென்னம்மாக்கா சொன்னது மறந்துபோச்சா?"

"வேலை எங்க போகுது? இந்த வைத்தியத்தைப் பாதியில விட்டா ரோகம் மூளைக்கு ஏறிடும்னு டாக்டர் சொல்றாரு. நீ பெத்தவளா, யாரு?"

கனகா சுற்றிலும் பார்த்தாள். இடுப்பில் மனிஷா, முன்னால் உதயகுமார், அவனுக்குப் பின்னால் ஒரு பீடம்.

மாநாடு விஜயநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் நீளமான மேஜை, பூங்கொத்து, மைக். கனகாவைக் குழந்தையோடு ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மண்டபத்துக் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியது. கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மனிஷா உச்சத்தில் அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் கிருஷ்ணராஜ் அதற்கு மேல் குரலெடுத்துப் பேசினார்.

"சகோதர சகோதரிகளே! இந்தக் கொழந்தை எங்க கிட்ட வரும்போது சாதாரணமா அழுதுக்கிட்டிருந்தது. இப்ப கேளுங்க! எவ்வளவு தெளிவு! எவ்வளவு பலம்! ஊமையா உள்ள கெடந்த ரோகத்தை எங்க பீடம் வெளிய கொண்டு வந்திருக்கு. இங்கிலீஷ் வைத்தியத்தால இதைப் பண்ண முடியுமா?"

முடியாது என்று மண்டபம் கைதட்டியது. சந்தோஷ்குமார் மட்டும் தட்டவில்லை.

"இப்ப உங்க கண்ணு முன்னாடியே அடுத்த டோஸ்" என்று சொல்லி, டாக்டர் குழந்தையை மேலே தூக்கிக் காட்டுவதற்காகக் கனகாவிடமிருந்து வாங்கினார்.

ஒன்றரை வயதுக்கு மனிஷாவுக்கு நல்ல மூளை. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இத்தனை வாரத்தில் கவனித்து வைத்திருந்தாள். இவ்வளவு அருகில் வந்தது இதுதான் முதல்முறை. வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு கையை முழங்கை வரை விட்டாள். மற்றக் கையால் டாக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை நின்றது.

மண்டபத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கைதட்டல் கூரையைத் தொட்டது. பெங்களூர் டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். உதயகுமார் அழுதேவிட்டான், இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில்.

"பல்சட்டில்லா!" என்று மைக்கில் முழங்கினார் டாக்டர்.

"கேமோமில்லா!" என்று கீழேயிருந்து கத்தினார் சந்தோஷ்குமார். "தூக்கிக்கிட்டு ஒரு அடி நடந்ததுந்தான் நின்னுது, எல்லாரும் பாத்தாங்க!"

டாக்டர் குழந்தையைக் கனகாவிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். மனிஷா மைக்குக்கு நேராக அலறினாள். ஒலிபெருக்கி அதிர்ந்து, முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் அவசரமாகக் குழந்தையை மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டார். அழுகை நின்றது. மறுபடியும் கைதட்டல். இறக்கிவிடப் பார்த்தார், அலறல். குப்பியைத் திறந்து ஓர் உருண்டை கொடுத்தார். கொஞ்ச நேரம் பேசினார். இன்னொன்று கொடுத்தார். சொற்பொழிவு உருண்டைக்கு உருண்டை நகர்ந்தது.

கனகா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவை மடியில் சும்மா கிடந்தன. எழுந்து மேடையை விட்டு இறங்கினாள். உதயகுமார் பின்னாலேயே ஓடிவந்தான்.

"கொழந்தைய விட்டுட்டு எங்க போற?"

"வேலைக்குங்க."

"பாப்பா அழுதா?"

"அழுவலையேங்க. பாருங்க, எப்பிடி ஒட்டிக்கிட்டு இருக்கறான்னு. பாலு பையில இருக்குது. மத்தியானம் சாதம் பெசஞ்சு குடுங்க. நீங்க இருக்கறீங்க, அவ்வளவு பெரிய டாக்டரு இருக்கறாரு. சாயங்காலம் பீடத்துக்கே வந்தர்றேன்."

வாசல் வரை போனாள். திரும்பி நின்று பார்த்தாள். தூரத்தில் மேடையின் மேல், டாக்டரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மனிஷா கடித்துக்கொண்டிருந்தாள். கனகா பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனியில் போய் உட்கார்ந்தாள். சென்னம்மா பத்திக் கட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். இரண்டு கையாலும் வேலை செய்வது முதலில் கூச்சமாக இருந்தது. எழுந்து நடக்கும்போதெல்லாம் இடுப்பு தன்னால் இடதுபக்கம் சாய்ந்தது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் வேலை விட்டதும் நேராகப் பீடத்துக்கு ஓடினாள். கூடத்தில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. வாசலிலேயே மாதேவி உதட்டில் விரலை வைத்து நிறுத்தினாள். உதயகுமார் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவன் சட்டையெல்லாம் சோற்றுப் பருக்கை. மூலையில் சந்தோஷ்குமார் காலிக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழு பாட்டிலும்மா" என்று கிசுகிசுத்தார். "எங்க கணக்குப்படி ஒரு தாலூகாவுக்கே போதும். கொழந்தைக்கு ஒண்ணுமே ஆகல."

நடுக்கூடத்தில், கைவைத்த நாற்காலியில் டாக்டர் கிருஷ்ணராஜ் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டில் பால்கறை, பருப்புக்கறை. முடி கலைந்திருந்தது. மனிஷா அவர் நெஞ்சில் கவிழ்ந்து, கோட்டின் காலரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணை மட்டும் நிமிர்த்திக் கனகாவைப் பார்த்தார். சமாதானம் செய்யவே கூடாது என்று சட்டம் போட்ட மனிதரின் கை, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"மருந்து அளவுக்கு மீறினா வேலை செய்யாது" என்றார் உதடு அசையாமல். "அதுதான் எங்க வைத்தியத்தோட பெருமை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் மத்தியானத்துலருந்து பாத்ரூம் போகலம்மா."

கனகா குழந்தையிடம் குனிந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் சர்க்கரை ஒட்டியிருந்தது. எடுத்துக்கொள்ளக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள்.

"இப்பத்தான் தூங்கினாளுங்களா?"

"இப்பத்தான்."

"அப்பிடின்னா எடுக்கக்கூடாதுங்க. பாதித் தூக்கத்துல எடுத்தா விடிய விடிய அழுவா."

"எவ்வளவு நேரம் தூங்குவா?"

"சொல்ல முடியாதுங்க சார். சில நாளு சீக்கிரமே முழிச்சுக்குவா. சில நாளு ஆகும்."

டாக்டர் ஒரு காலை லேசாக நீட்டிப் பார்த்தார். மனிஷாவின் உதடு கோணியது. அவர் அப்படியே உறைந்துபோய், தொண்டைக்குள்ளேயே "ஜோ, ஜோ" என்று தாலாட்டு முனகத் தொடங்கினார்.

கனகா எதிரே இருந்த நீளப் பெஞ்சில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, குப்புறப் படுத்துக்கொண்டாள்.